ஈரத்தில் கிடக்கும் உடலும் கணக்கில் வராத உழைப்பும்

ஹைதராபாத் நகரின் வடமேற்கு விளிம்பில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ராமச்சந்திராபுரம் ஒரு தொழிலாளர் ஊர். திருவெறும்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பெல் ஆலைகளில் பணிபுரிவோருக்கு அது அயலான பெயரன்று. 1960களில் அதே பொதுத்துறை நிறுவனம் அங்கும் ஓர் ஆலையை எழுப்பியது. அதையடுத்துப் பட்டான்செருவு, பாசமைலாரம் எனத் தொழிற்பேட்டைகள் விரிந்தன. அங்கே மருத்துவமும் தொழிலாளியின் பணிநிலையைப் பார்த்தே பிரிந்து நிற்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஆலைக் குடியிருப்பில் நிறுவனத்தின் மருத்துவமனை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சிற்றாலைத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை. வடமாநிலங்களிலிருந்து வந்து, எந்தப் பதிவேட்டிலும் பெயரின்றி உழைப்பவருக்கு அரசு மருத்துவமனை. அதுவும் கிட்டாதபோது கடன் வாங்கிக்கொண்டு செல்லும் தனியார் மருத்துவமனை.

2025 ஜூன் 30 அன்று பாசமைலாரத்தின் சிகாச்சி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். காயமுற்றோர் இவ்வட்டாரத்து மருத்துவமனைகளுக்கே கொண்டுசெல்லப்பட்டனர். இத்தகைய விபத்துகளின்போது செய்தியேடுகள் இரண்டு எண்ணிக்கைகளைத் தருகின்றன: இறந்தவர் எத்தனை பேர், தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை பேர் என்பன அவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார் என்ற தொடரோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் அதன் பிறகு நாட்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

அங்கே நடக்கும் ஒன்றைப் பற்றிப் பேசவே பலரும் கூசுகிறார்கள். நினைவிழந்தோ, மயக்க மருந்தின் பிடியிலோ கிடக்கும் நோயாளிக்குச் சிறுநீரும் மலமும் தன் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. கழிவின் ஈரத்திலேயே உடல் கிடக்க நேர்ந்தால், தொடையிடுக்கிலும் பின்புறத்திலும் தோல் வெந்ததுபோலாகி, உரிந்து, புண்ணாகிறது. விபத்திலிருந்தோ பக்கவாதத்திலிருந்தோ உயிர்பிழைத்த தொழிலாளி, மருத்துவமனை தந்த இந்தப் புண்ணோடு வீடு திரும்புகிறார். உயிரே போகவிருந்த இடத்தில் இது ஒரு சிறு துன்பம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இந்தப் புண்ணின் தோற்றத்தை ஆராய்ந்தால், இந்திய மருத்துவத் துறையின் கணக்குப் புத்தகம் எப்படி எழுதப்படுகிறது என்பது வெளிச்சமாகிவிடும்.

புண் பிறக்கும் விதம்

நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. நுண்ணுயிரிகளை அண்டவிடாமல் தடுக்கும் அரண் அது. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றும்போது தோல் காரத்தன்மை அடைகிறது, அரண் தளர்கிறது. மலத்தில் கலந்துள்ள, கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் இந்தக் காரச் சூழலில் வீரியம் பெறுகின்றன. உணவைச் செரிக்க உடல் சுரந்த நொதி உடலின் தோலையே செரிக்கத் தொடங்குகிறது. நீராகப் போகும் மலத்தில் இந்நொதிகள் மிகுதியாதலால் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளிக்கு ஆபத்து பன்மடங்கு. சேதமுற்ற இடத்தில் பூஞ்சை பற்றிக்கொள்வதும் வழக்கம். தீக்காயத்தை ஒத்த எரிச்சல் அது என்று, பேசும் நிலையில் உள்ள நோயாளிகள் சொல்கிறார்கள். குழாய் வழியே மூச்சுவிடும் நோயாளியால் சொல்லவும் இயலாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இதற்கான காரணங்கள் அனைத்தும் ஒருங்கே கூடுகின்றன. மயக்க மருந்து கட்டுப்பாட்டைப் பறிக்கிறது. நோய்க்கிருமிகளைக் கொல்லத் தரும் மருந்துகள் குடலில் உள்ள நன்மை தரும் பாக்டீரியாக்களையும் அழித்து வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. மூக்குக் குழாய்வழி ஊட்டும் திரவ உணவும் சிலருக்கு அதையே செய்கிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்தத் தரும் மருந்துகள் தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கின்றன. உயிரைக் காக்கும் ஒவ்வொரு மருத்துவச் செயலும் தோலுக்கு ஒரு சுமையை ஏற்றுகிறது. அச்சுமையை இறக்கிவைக்க வேண்டியது மனிதக் கை.

இது படுக்கைப் புண்ணின் மற்றொரு பெயரென்று பலர் கருதுகிறார்கள். இரண்டும் வேறு. படுக்கைப் புண், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் சதை நசுங்குவதால் உள்ளிருந்து வெளியே வருவது. இது ஈரத்தாலும் வேதிவினையாலும் வெளியிலிருந்து உள்ளே செல்வது. ஆயினும் ஊறிய தோல் அழுத்தத்தையும் உராய்வையும் தாங்காதாகையால் ஒன்று மற்றொன்றுக்கு வழிவகுக்கிறது. ஈரத்தால் வரும் இந்தத் தோல் அழற்சிக்கு மருத்துவ உலகம் 2007ஆம் ஆண்டு வாக்கில்தான் தனிப் பெயரிட்டு வரையறை செய்தது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2017இல் அதற்கான வகைப்பாட்டை வகுத்தனர்: தோல் நிறம் மாறிய நிலை, தோல் உரிந்த நிலை, இவ்விரண்டிலும் தொற்று இன்றியும் தொற்றோடும் என நான்கு பிரிவுகள்.

தடுக்கும் வழி எளியது. கழிவு வெளியேறியவுடன் சுத்தம் செய்ய வேண்டும். சாதாரண சோப்பு காரமானது. அதைத் தவிர்த்து, தோலின் அமிலத்தன்மையைக் கெடுக்காத கழுவுநீரைப் பயன்படுத்த வேண்டும். தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடோ பெட்ரோலியம் ஜெல்லியோ கலந்த களிம்பை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். படுத்த நிலையில் டயாபரை இறுகக் கட்டி வெப்பத்தை அடைக்காமல், இயன்றவரை திறந்து வைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் விரிப்பை மாற்ற வேண்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதில் எந்த ஒரு செயலுக்கும் கோடி ரூபாய் இயந்திரம் தேவையில்லை. தேவைப்படுவது ஆட்களும் நேரமும்.

மாநிறத் தோலில் மறையும் புண்

இந்தப் புண்ணின் முதல் அறிகுறி தோல் சிவப்பது என்று பாடநூல்கள் கற்பிக்கின்றன. வெளிர் தோலைக் கண்முன் வைத்து எழுதப்பட்ட இலக்கணம் அது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கறுத்தோ, வெளிறியோ, ஊதா சாயலோடோ தோன்றலாம். தொட்டால் சூடாக இருக்கலாம், பளபளக்கலாம், கெட்டிப்படலாம். கென்ட் வகைப்பாடு இதைக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஆயினும் அவசர அவசரமாக நிரப்பப்படும் மருத்துவமனைப் படிவத்தில் சிவப்பு உண்டா, இல்லையா என்ற கேள்வி மட்டுமே எஞ்சினால், உழைக்கும் மக்களில் பெரும்பாலோரின் தோலில் முதல் நிலை கண்ணில் படாமலே கடந்துவிடும். தோல் உரிந்த பின்னரே புண் பதிவாகும். நல்ல வெளிச்சத்தில், பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு, கைவைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் நேரம் வேண்டும்.

இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு

அந்த நேரம் எவ்வளவு என்பதை ஓர் எளிய கணக்கால் அளந்து பார்க்கலாம். ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் ஆறு முறை வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். மூச்சுக்குழாயும் ஊசிக் குழாய்களும் பொருத்தப்பட்ட உடலை ஒருவர் தனியே புரட்ட முடியாது, இருவர் வேண்டும். ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து, ஒற்றி, களிம்பு பூசி, விரிப்பை மாற்ற இருபது நிமிடம் ஆகும் எனக் கொண்டால், அந்த ஒரு நோயாளிக்கு இப்பணி மட்டுமே நான்கு மணி நேர உழைப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க, இருவர் ஐந்து நிமிடம் செலவிட்டால், மேலும் இரண்டு மணி நேரம். ஆக ஆறு மணி நேரம். பத்துப் படுக்கை உள்ள பிரிவில் இத்தகையோர் நால்வர் இருப்பின் இருபத்துநான்கு மணி நேர உழைப்பு தேவை. அதாவது மூன்று தொழிலாளர்களின் முழு எட்டு மணி நேரப் பணி, வேறு எந்த வேலையும் செய்யாமல்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு பணிமுறையிலும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவுகோல். விடுப்புக்காக முப்பது சதவீதம் கூடுதல் பணியிடம் வேண்டும் என்பதும் அதில் அடக்கம். நடைமுறையில் ஒரு செவிலியர் இருவரை, மூவரை, இரவுப் பணியில் அதற்கும் மேற்பட்டோரைக் கவனிக்கும் நிலை நாடெங்கும் உள்ளது. அவர் முதலில் எதைச் செய்வார்? இரத்த அழுத்தம் வீழ்ந்தவரிடம் ஓடுவார், மருந்து செலுத்துவார், இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலியைக் கவனிப்பார், பதிவேடு எழுதுவார். ஒலி எழுப்பாதது நோயாளியின் அடியில் பரவும் ஈரம் ஒன்றுதான். அது காத்திருக்க வைக்கப்படுகிறது. காத்திருந்த நேரம் புண்ணாகத் தோலில் பதிகிறது. ஆள்பற்றாக்குறையை நோயாளியின் உடல் இவ்வாறுதான் பதிவு செய்கிறது.

கொரோனா காலம் இதைத் தெளிவாகக் காட்டியது. 2020 மே மாதத்தில் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இயந்திரங்கள் பல இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் அவை உறை பிரிக்கப்படாமல் கிடந்த செய்திகளும் வந்தன. அக்காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியர்கள், நெருக்கடி தணிந்ததும் வெளியே அனுப்பப்பட்டனர். தெலங்கானாவில் 2021 ஜூலையில் நூற்றுக்கணக்கானோர் பணி இழந்து வீதிக்கு வந்தனர். தமிழ்நாட்டில் 2022 டிசம்பர் 31 உடன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியரின் பணிக்காலம் நீட்டிக்கப்படாமல் முடிக்கப்பட்டது. இயந்திரம் சொத்தாகக் கருதப்பட்டது. கை செலவாகக் கருதப்பட்டது.

விலைப்பட்டியலில் இடமில்லாதவை

ராமச்சந்திராபுரத்திற்குத் தெற்கே, அதே நகரின் மேற்குப் பகுதியில், நானக்ராம்கூடாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் தலைமையகம் உள்ளது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைத் தரப்படுத்தி அந்த ஆணையம் 2020இல் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையோடு சில பட்டியல்கள் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதல் பட்டியல், காப்பீட்டு நிறுவனம் வழக்கமான திட்டத்தில் பணம் தர வேண்டியிராத பொருட்களைக் கூறுகிறது. எந்த வகை டயாபராயினும் அதில் அடக்கம். கையுறை, காற்று மெத்தை, தண்ணீர் மெத்தை, களிம்பு, பவுடர், லோஷன், சலவைக் கட்டணம், உதவியாளர் கட்டணம் ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன. மருத்துவர் எழுதித்தரும் மருந்து வகையாக இருந்தால் மட்டும் களிம்புக்கு விலக்கு.

இப்பட்டியலைத் தோல் புண்ணைத் தடுக்கும் வழிமுறையோடு ஒப்பிட்டால், தடுப்புக்கு வேண்டிய பொருட்கள் ஏறத்தாழ முழுமையாகவும் விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருப்பது தெரியும். கூடுதல் கட்டணம் செலுத்தினால் இவற்றையும் சேர்த்துக்கொள்ள நிறுவனங்கள் இடமளிக்கலாம் என்பது விதி. அதாவது வசதியுள்ளவர் தோலைக் காத்துக்கொள்ளலாம். புண் ஆழமாகி, தொற்று பரவி, அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அப்போது காப்பீடு பணம் தரும். தடுப்பு நோயாளியின் சொந்தச் செலவு. விளைவு காப்பீட்டின் செலவு. சேவையை வாங்கி விற்கும் பண்டமாக்கிய பிறகு, பில் போடக்கூடியதே மருத்துவம் என்றாகிறது. சுத்தம் செய்தல், புரட்டிப் போடுதல், தொட்டுப் பார்த்தல் ஆகியவற்றுக்குப் பில் எழுத இயலாது. ஆகவே அவை மருத்துவமே அல்ல என்ற நிலை உருவாகிறது.

அரசின் காப்பீட்டுத் திட்டங்களும் இதே தர்க்கத்தில்தான் இயங்குகின்றன. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ தொடங்கியது. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. தெலங்கானா 2023 டிசம்பரில் காப்பீட்டு வரம்பைப் பத்து லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இத்திட்டங்களால் ஏழைகள் பலர் பிழைத்துள்ளனர் என்பது உண்மை. ஆயினும் அவை ஒரு சிகிச்சைக்கு ஒரு மொத்தத் தொகை என்ற முறையில் விலை பேசுகின்றன. மொத்தத் தொகைக்குள் இலாபத்தை ஈட்ட விரும்பும் தனியார் மருத்துவமனை மருந்தில் குறைக்க இயலாது, இயந்திரத்தில் குறைக்க இயலாது, ஆட்களில் குறைக்கிறது. அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிதி இவ்வழியே வெளியேறுகிறது. 2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை, 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு சுகாதாரத்துக்குச் செலவிடும் என்றது. 2021–22இல் அது 1.84 சதவீதமாக நின்றது. அதே ஆண்டில் நாட்டின் மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் சட்டைப்பையிலிருந்தே செலுத்தினர்.

இ.எஸ்.ஐ. இதற்கு மாற்றாக எழுந்த திட்டம். உச்ச வரம்பின்றி முழு மருத்துவமும் தொழிலாளியின் உரிமை என்பது அதன் அடிப்படை. அங்கே டயாபரும் களிம்பும் காற்று மெத்தையும் மருத்துவத்தின் பகுதியாகத் தரப்பட வேண்டியவை. 2019 ஜூலையில் மத்திய அரசு இ.எஸ்.ஐ. பங்களிப்பை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது. முதலாளிகளின் பங்கு 4.75இலிருந்து 3.25 ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில், மருந்துக் கொள்முதல் முறைகேடு தொடர்பாகத் தெலங்கானாவின் காப்பீட்டு மருத்துவ சேவைத் துறை உயரதிகாரிகளை ஊழல் தடுப்புப் பிரிவு கைது செய்தது. ஒருபுறம் வருவாய் வெட்டப்பட்டது. மறுபுறம் இருந்த நிதி தொழிலாளியின் படுக்கையைச் சென்றடையவில்லை. 2017 முதல் 21,000 ரூபாயிலேயே நிற்கும் ஊதிய வரம்போ, சற்றே கூலி உயர்ந்த தொழிலாளியை இத்திட்டத்திலிருந்தே வெளியேற்றிவிடுகிறது.

யாருடைய கை

நோயாளியின் கழிவை அகற்றும் கை யாருடையது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது. மருத்துவமனைகளில் ஆயா என்றும் வார்டு பாய் என்றும் அழைக்கப்படுவோர், தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரில் பெரும்பான்மையோர் தலித், பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சார்ந்தவர்கள். அவர்களிலும் பெண்களே மிகுதி. கழிவைத் தொடுவது தீட்டு, தொடுபவர் தாழ்ந்தவர் என்ற சாதியக் கருத்து மருத்துவமனை வாயிலில் நின்றுவிடுவதில்லை. வெள்ளுடையும் கிருமிநாசினி மணமும் அதை மறைக்கின்றன; அழிப்பதில்லை. மருத்துவர் தொடுவது மருத்துவமாகிறது. ஆயா தொடுவது ஊழியமாகிறது. முதலாவதற்குப் பட்டமும் ஊதியமும். இரண்டாவதற்கு ஒப்பந்தக்காரரின் கூலி.

தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளின் தூய்மைப் பணி தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தமாகத் தரப்பட்டிருக்கிறது. படுக்கை எண்ணிக்கையை வைத்துத் தொகை நிர்ணயிக்கும் இடங்களில், படுக்கையில் கிடப்பவர் எழுந்து நடப்பவரா, ஒரு நாளில் ஆறு முறை சுத்தம் செய்ய வேண்டியவரா என்ற வேறுபாடு ஒப்பந்தத்தில் இல்லை. குறைந்த ஆட்களைக் கொண்டு அதிகப் படுக்கைகளைக் காட்டுவதே ஒப்பந்தக்காரரின் இலாபம். நோயாளியின் தோலைப் பற்றி அதிகம் அறிந்திருக்க வேண்டியவர் அந்த ஆயாதான், அவருக்குப் பயிற்சி இல்லை, பணிநிரந்தரம் இல்லை, புண்ணைக் கண்டால் பதிவேட்டில் எழுதும் அதிகாரம் இல்லை.

செவிலியரின் நிலையும் இதனின்று வெகுதூரம் விலகியதன்று. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே 2015இல் தேர்வான செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் நடத்திய போராட்டம் நினைவிருக்கத் தக்கது. தனியார் துறைச் செவிலியருக்காக, உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஆணையின்படி அமைந்த குழு, எந்தச் சிறிய மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் வீதியில் இறங்கிப் போராடியதன் பின்னரே, 2018 ஏப்ரலில் இடது ஜனநாயக முன்னணி அரசு குறைந்தபட்ச ஊதியத்தை அறிவிக்கையாக வெளியிட்டது. பிற மாநிலங்கள் பலவற்றில் பரிந்துரை காகிதமாகவே கிடக்கிறது.

குற்றம் யாருடையது

புண்ணைக் கண்ட குடும்பத்தார் சினங்கொள்வது இயல்பு. அச்சினம் கண்முன் நிற்கும் செவிலியர் மீதும் ஆயா மீதும் பாய்கிறது. நிர்வாகமும் அதையே விரும்புகிறது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பிக் கோப்பை மூடிவிடுகிறது. தனிமனிதர் அலட்சியமாக இருப்பதே இல்லை என்று யாரும் கூறவில்லை. ஆனால் ஆட்களைப் பாதியாகக் குறைத்தவரைக் கேள்வி கேட்காமல், பாதி ஆட்களில் ஒருவரைத் தண்டிப்பது நீதியாகாது. நவீனச் செவிலியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே, படுக்கைப் புண் போன்றவை பெரும்பாலும் நோயின் விளைவல்ல, பராமரிப்பின் குறையால் வருபவை என்று எழுதினார். நூலின் அவ்விடத்தை மட்டும் எடுத்துச் செவிலியரைச் சாடுவோர், அதையடுத்து அவர் சொன்னதை விட்டுவிடுகிறார்கள்: குற்றம் எப்போதும் செவிலியருடையது அன்று, மோசமான கட்டடமும் மோசமான நிர்வாகமும் பராமரிப்பையே இயலாததாக்கிவிடும் என்பது அவரது கருத்து.

தண்டனையால் இதைத் தீர்க்க முயன்ற நாடு அமெரிக்கா. மருத்துவமனையில் உண்டாகும் ஆழமான படுக்கைப் புண்ணின் சிகிச்சைக்குக் கூடுதல் தொகை தருவதை 2008 அக்டோபர் முதல் அங்குள்ள மெடிகேர் திட்டம் நிறுத்தியது. அதே நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் செவிலியர் சங்கங்கள் வேறு பாதையைத் தேர்ந்தன. நீண்ட போராட்டத்திற்குப் பின் 1999இல் சட்டம் இயற்றப்பட்டு, 2004 முதல் செவிலியர்–நோயாளி விகிதம் கட்டாயமாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு இருவருக்கு மேல் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தொழிற்சங்கம் வென்றெடுத்த விகிதம் 2015இல் சட்டமானது. அங்கே கேள்வி நிர்வாகத்தை நோக்கித் திரும்பியது: ஆட்கள் எங்கே? இந்தியாவில் விகிதம் அளவுகோலாக இருக்கிறது. மீறினால் தண்டிக்கும் சட்டமாக இல்லை.

இயக்கத்தின் முன்னுள்ள பணி

மருத்துவமனை வேண்டும், படுக்கை வேண்டும், மருத்துவர் வேண்டும், இயந்திரம் வேண்டும் என்று இடதுசாரி இயக்கம் நெடுங்காலமாகப் போராடி வந்துள்ளது. அக்கோரிக்கைகள் யாவும் நியாயமானவை. ஆயினும் படுக்கையில் கிடப்பவரின் தோலைக் காக்கும் உழைப்பு எவ்வளவு என்று அளந்து, அதற்கு ஆட்களைக் கேட்பதும் அக்கோரிக்கைகளின் வரிசையில் இடம்பெற வேண்டும். செவிலியரின் கோரிக்கை ஊதியப் பிரச்சினையாகவும், தூய்மைப் பணியாளரின் கோரிக்கை ஒப்பந்தப் பிரச்சினையாகவும், நோயாளியின் துன்பம் சேவைக் குறைபாடாகவும் தனித்தனியே பேசப்படும்வரை நிர்வாகம் மூவரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தி வெல்லும். அந்தப் புண் மூவருக்கும் பொதுவான சாட்சி.

இதிலிருந்து எழும் கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவதாக, செவிலியர்–நோயாளி விகிதம் அரசு, தனியார், இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் அனைத்துக்கும் சட்டமாக வேண்டும். ஒவ்வொரு பணிமுறையிலும் பணியில் உள்ளோர் எண்ணிக்கை பிரிவின் வாயிலில் எழுதிவைக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கும் பணி நிரந்தரத் தன்மை வாய்ந்தது; அதில் ஒப்பந்த முறையை ஒழித்து, ஆயாக்களுக்கும் உதவியாளர்களுக்கும் பயிற்சியும் பணிநிரந்தரமும் தர வேண்டும். மூன்றாவதாக, டயாபர், கையுறை, தோல்காப்புக் களிம்பு, காற்று மெத்தை ஆகியவை இ.எஸ்.ஐ.யிலும் அரசு மருத்துவமனையிலும் அத்தியாவசிய மருந்துகளுக்கு நிகராகக் கையிருப்பில் இருக்க வேண்டும். காப்பீட்டு விலக்குப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்க வேண்டும். காப்பீட்டு ஊழியர் சங்கங்கள் இக்கோரிக்கையைத் தம்முடையதாக ஏற்பது பொருத்தமானது. நான்காவதாக, ஈரத்தால் வரும் புண்ணைப் படுக்கைப் புண்ணிலிருந்து பிரித்துப் பதிவு செய்ய வேண்டும். கறுத்த தோலில் அதைக் கண்டறியும் முறை பயிற்சியில் இடம்பெற வேண்டும். அப்பதிவு தொழிலாளரைத் தண்டிக்க அன்றி, ஆள்பற்றாக்குறையைக் கணக்கிடப் பயன்பட வேண்டும். ஐந்தாவதாக, இ.எஸ்.ஐ.யின் ஊதிய வரம்பை உயர்த்தி, முதலாளிகளுக்குக் குறைக்கப்பட்ட பங்களிப்பை மீட்டெடுக்க வேண்டும்.

இக்கோரிக்கைகள் மருத்துவமனைச் சுவர்களோடு நிற்பவையல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியேறும் நோயாளி, வீட்டில் மனைவியின், மகளின், மருமகளின் கைகளில் ஒப்படைக்கப்படுகிறார். எந்தப் பயிற்சியும் இல்லாமல், எந்த ஊதியமும் இல்லாமல், பெரும்பாலும் வேலைக்குச் செல்வதையும் நிறுத்திவிட்டு, அப்பெண் அதே சுத்தம் செய்தலை, அதே புரட்டிப் போடுதலைத் தனியொருவராகச் செய்கிறார். மருத்துவமனை செய்யத் தவறியதால் உண்டான புண்ணை ஆற்றும் பொறுப்பும் அவருடையதாகிறது. மாதர் அமைப்புகளின் பகுதிக் கிளைகள் இத்தகைய குடும்பங்களைக் கண்டறிந்து, தோல் பராமரிப்பின் எளிய முறைகளைக் கற்பிக்கலாம்; கிராம, நகர்ப்புறச் செவிலியர்கள் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்று அரசைக் கோரலாம்.

ராமச்சந்திராபுரத்தின் ஆலைகளில் ஒரு தொழிலாளி இயந்திரத்தின் ஓசையிலேயே அதன் பழுதைக் கண்டுபிடிப்பார். எண்ணெய் கசிந்தால் உடனே துடைக்க ஏற்பாடு உண்டு. ஏனெனில் இயந்திரம் நின்றால் உற்பத்தி நிற்கும். அதே தொழிலாளி நினைவிழந்து கிடக்கும்போது, அவரது உடலுக்கு அந்த அளவு கவனிப்பாவது கிடைக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கை அன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் அருகிலுள்ள அரசு, இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் எத்தனை பேர் உள்ளனர் என்று கேட்டறிவதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போதும். கிடைக்கும் எண்ணை அங்குள்ள படுக்கைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, இடைவெளியை மக்கள் முன் வைக்கட்டும்.